எல்லாரிலும் சேராத மனிதர்

‘எல்லாரும் வரிசையில் நில்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வரிசைக்கு வெளியே நிற்பவரை, ‘எவனும் நேரத்துக்கு வருவதில்லை’ என்று தாமதமாக வந்து மனம் நோகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் தனி இனம். ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் தன்னைத் தவிர உலகத்தையே அடைத்துவிடுவார்.

கட்டட வரைபட அலுவலகம் ஒன்றின் தலைமை வரைவாளர் அப்படிப்பட்டவர். பெற்ற பிள்ளையைப் போல அவர் வளர்த்த பள்ளிக்கூட வரைபடம், எல்லா மேஜைகளிலிருந்தும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் இருந்தது. ஒரு காலை திறந்தால், மாடிப்படி ஓரடி தள்ளி நிற்கிறது. பிள்ளையின் கன்னத்தை யாரோ கிள்ளிவிட்டார்கள்! அதுவும் எந்த நாளில்? மதியம் பள்ளிக் குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால்தான் அவர் பெயர் தாங்கிய முதல் கட்டடம் எழும்பும்.

படியைச் சரிசெய்தார். ஃபோல்டரை யார் யார் திறக்கலாம் என்று குறிக்கும் அனுமதிப் பக்கத்துக்குப் போனார். ‘எல்லாரும்’ என்று ஒரு வரி. எதிரே ‘மறுப்பு’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. இவரிடமா கேட்பது?

மதியம் குழு வந்து உட்கார்ந்துவிட்டது. ஃபோல்டரைத் தொட்டார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது திரை. யாரைச் சொல்கிறது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

கணினியை அணைத்து எழுப்பினார். கடவுச்சொல்லைக் குத்திக் குத்தி அடித்தார். கடைசி மேஜைப் பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனரைப் போனில் பிடித்து, தன்னை எவனோ வெளியே தள்ளிப் பூட்டிவிட்டதாகத் தழுதழுத்தார். மைத்துனர் இருந்த இடத்திலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தார்.

“மாமா, எல்லாருக்கும் மறுப்புன்னு நீங்கதானே போட்டீங்க?”

“ஆமா. எல்லாருக்கும்தான் போட்டேன். எனக்கு ஏன் மறுக்குது?”

“எல்லாரும்னா அதுல நீங்களும் ஒருத்தர் மாமா.”

“நான் எப்படிடா எல்லாரும் ஆவேன்?”

“வீட்ல எல்லாரும் அவங்கவங்க தட்டைக் கழுவணும்னு நீங்க சட்டம் போட்டப்போ, அதுல நீங்களும் உண்டான்னு அக்காவுக்கும் சந்தேகம் வந்துச்சு.”

டிக் விலகியது. வரைபடம் விரிந்தது. குழு மகிழ்ந்து ஒப்புதல் தந்தது. “ஏதோ, எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்” என்று அடக்கமாகச் சொல்லி, கைகுலுக்கல்கள் அத்தனையையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? ‘இந்தக் காலத்தில் எல்லாரும் சுயநலம்’ என்று நேற்றுகூடச் சொன்னீர்களே, அப்போது தலையை எண்ணினீர்களா? கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். உங்களிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.