பதினொரு கடைகளுக்கும் ஒரே அளவு எழுத்து

மான்ட்ரியல்
14-10-1973

அன்புள்ள அனு அக்காவுக்குக் கமலினி நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கு நான், அண்ணா, அண்ணி, குழந்தை நால்வரும் சுகம். உங்கள் சுகத்தைக் கடைசியில் வரிசையாக விசாரிக்கிறேன், யாரையும் விடமாட்டேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம் என்று வந்த கடிதத்தில் நான் முதலில் கவனித்தது கவரைத்தான். அண்ணா பெயரைப் போட்டு, 'நாகசுப்பிரமணியன், குடும்பத்தார்' என்றிருந்தது. குடும்பத்தாருக்குள் நானும் எங்கோ இருக்கிறேன் என்று தேற்றிக்கொண்டேன். உள்ளே, 'எல்லோரும் சௌகரியப்பட்டால் வரவும்.' அண்ணா படித்துவிட்டு, "எங்களுக்கு ஏது லீவு? கமலினியை அனுப்புங்கன்னு ஒரு வரி எழுதட்டும், உன்னை அனுப்பறேன்" என்றார்.

அது கிடக்கட்டும், இங்கே நடந்த கூத்தைக் கேள். அண்ணாவின் கம்பெனியில் (அப்பா ஊரில் சோடா கம்பெனி என்று சொல்வதை மாற்ற வேண்டாம்) தங்கள் பீர் எந்தெந்தக் கடையில் கிடைக்கும் என்று நோட்டீஸ் போடுகிறார்கள். எழுதுகிற ஆளுக்குக் காய்ச்சல். "என் தங்கை ஒன்பதாவதோட நின்னுட்டா, ஆனா கையெழுத்து அச்சு மாதிரி" என்று அண்ணா என்னை மாட்டிவிட்டார். இதற்குச் சட்டம் உண்டாம். பீர் செய்கிறவர்கள் ஒரே ஒரு கடையைச் சொல்லக் கூடாது, பல கடைகளைச் சொல்ல வேண்டும், எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும், எதையும் தூக்கிப் பேசக் கூடாது. நான் ஸ்கேல் வைத்துப் பதினொரு கடைகளையும் எழுதினேன். முதலில் எங்கள் தெருமுனை மதாம் பக்கெத்தின் கடை. பால் வாங்கப் போனால் "போன்ஜூர், கமலினி!" என்பாள். இந்த ஊரில் வேலை சொல்லாமல் என் பெயரை மட்டும் சொல்லுகிறவள் அவள்தான். தலைப்பு முன்பே அச்சாகியிருந்தது. நான் எழுதத் தொடங்கிய இடத்தில், அவள் கடைக்கு நேர் மேலே, கை தானாகவே பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் வேறு தடவினேன்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்க வந்த அரசாங்க மனிதர் சுழிமேல் விரலை வைத்து, இந்தக் கடைக்கு மட்டும் என்ன விசேஷ அடையாளம் என்றாராம். தடையில்லாமல் நடக்க எங்கள் சாமி என்று அண்ணா விளக்க, அப்படியானால் மற்றப் பத்துக் கடைகளுக்குச் சாமி வேண்டாமா, எல்லோருக்கும் போடு அல்லது யாருக்கும் போடாதே என்றாராம். மஞ்சளை முகர்ந்து பார்த்து, இது இலவசச் சாம்பிளா என்றும் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து அண்ணா குதித்தார். "பீர் நோட்டீசுக்கு எவளாவது பிள்ளையார் சுழி போடுவாளா?"

"சுழி போடாம எப்படிண்ணா எழுதறது?" என்றேன்.

அண்ணி சிரிப்பு தாங்காமல் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். போட்ட சுழியை அழிக்க எனக்குப் பயம். பதினொரு கடைகளுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒருவரை மட்டும் சொல்லக் கூடாது என்பது நியாயமான சட்டம்தான். ஆகவே என்னைத் தனியாகக் கூப்பிடு என்று நான் கேட்கவில்லை. அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி, சித்தி வீட்டு வாண்டுகள் எல்லோரையும் ஒரே அளவு அன்புடன் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
கமலினி

பி.கு.: கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படிப்பீர்கள் என்பதால் இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். நீ மட்டும் படி. அந்தச் சட்டம் பீர்க் கடைக்குத்தான், நமக்கில்லை. கல்யாணத்தன்று வேறு யாரோ உனக்குத் தலை பின்னுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்துடன் ஒரு காலிக் கவர் வைத்திருக்கிறேன். அதில் 'கமலினி' என்று மட்டும் பெரிதாக எழுதி, கீழே விலாசம் எழுதி, மேலே சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன்.