பியானோக்காரரின் புறக்கணிப்பு

"அந்தப் படத்தை இந்த வீட்டுல யாரும் பார்க்கக் கூடாது" என்று பியானோக்காரர் முழங்கியபோது வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி. ஆகவே தடை யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை.

அவர் ஒரு பாலே நடனக் குழுவில் இருபத்தாறு வருடமாக ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவர். மனைவி அதே குழுவில் உடை தைக்கும் பிரிவுக்குத் தலைவி. குழுவை உருவாக்கிய பெரிய மாஸ்டர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் அமைத்த நடனங்கள்தான் இன்றும் எல்லோருக்கும் சோறு போடுகின்றன. அதிலும் ஒரு நடனத்தின் நடுவே இசை சட்டென்று நிற்கும். பதினாறு பேர் ஒற்றைக்காலில் ஏழு விநாடி அசையாமல் நிற்பார்கள். அந்த ஏழு விநாடியை ஆராய்ந்து நாலு பேர் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்கள். இப்போது ஒரு படக்காரி வந்து, மாஸ்டர் ஒரு கொடுங்கோலர், போதாததற்கு அந்த ஏழு விநாடி அவருடைய கற்பனையே இல்லை என்று ஆவணப்படம் எடுத்திருக்கிறாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே இரண்டுபட்டுக் கிடந்தார்கள்.

பியானோக்காரருக்கு மாஸ்டரின் மானம் பற்றிக் கவலை இல்லை. தன் கதி பற்றித்தான் கவலை. படத்துக்காக அவரையும் மூன்று மணி நேரம் பேட்டி எடுத்திருந்தார்கள். "மாஸ்டர் கத்தலை எப்படி சார் இத்தனை வருஷம் தாங்கினீங்க?" என்று படக்காரி கேட்டாள். காமிராவைப் பார்த்த குஷியில், "அவர் எட்டு மணி நேரம்தான் கத்துவார். வீட்டுல பதினாறு மணி நேரம். வேலைக்குப் போறதே எனக்கு ஓய்வு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். நேற்று படக்காரி போன் செய்து, மூன்று மணி நேரப் பேச்சில் அந்த ஒரு வரியைத்தான் படத்தில் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும். சனிக்கிழமை மாலை குழுவின் அரங்கிலேயே திரையிடல்.

"பார்க்காமலே மோசம்னு எப்படிங்க சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"சாக்கடைனு தெரிஞ்சுக்க உள்ள இறங்கிக் குளிச்சுப் பார்க்கணுமா?"

"மாஸ்டர் உங்க மேல ஒரு தடவை ஸ்டூலைத் தூக்கி எறிஞ்சாரே?"

"அது பாசம்."

"நெத்தியில மூணு தையல் போட்டாங்களே?"

"கொஞ்சம் கனமான பாசம்."

"சரிங்க. உங்க இஷ்டம்."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் 'உங்க இஷ்டம்' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் இன்னொரு டீ கேட்டார்.

டீயோடு அவள் யோசனையும் கொண்டுவந்தாள். "வீட்டுல உக்காந்திருந்தா நாம புறக்கணிச்சது யாருக்குத் தெரியும்? வாசல்ல பதாகை பிடிச்சு நிப்போம். துணி என்கிட்ட மிச்சம் இருக்கு."

பியானோக்காரர் கணக்குப் போட்டார். பதாகைக்கு இரண்டு முனை. ஒரு முனையை இவள் பிடித்தால் உள்ளே எப்படிப் போவாள்? தன் மூளையைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான் அவருக்குக் குறை.

சனிக்கிழமை அரங்க வாசலில் பதாகை விரிந்தது. 'ஏழு விநாடியும் மாஸ்டருக்கே' என்று ஊதாப் பட்டில் எழுத்து. அவள் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, ஒரு முனையை அவர் கோட்டுக் கையோடு சேர்த்துத் தைத்தாள். மேடை ஏறுமுன் ஆடுபவர்களை உடைக்குள் வைத்தே தைத்துவிடுவது அவள் தொழில் வழக்கம். எவ்வளவு குதித்தாலும் பிரியாது.

"காத்துல நழுவிடக் கூடாது பாருங்க" என்றாள். மறுமுனையை விளக்குக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினாள். "பாத்ரூம் போய்ட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்."

உள்ளே போனவள் போனவள்தான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

பியானோக்காரர் பதறிப்போய்க் கோட்டைக் கழற்றப் பார்த்தார். கோட்டோடு சட்டையையும் சேர்த்துத் தைத்திருந்தாள். சட்டையையும் கழற்றினால் விடுதலைதான். ஆனால் எதிரே குழுவின் நிர்வாகி குடும்பத்தோடு தாமதமாக வந்துகொண்டிருந்தார். பியானோக்காரர் பல்லைக் காட்டிப் பதாகையை உயர்த்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே பெரிய சிரிப்பு கிளம்பியது. 'என் வரிதான். முடிஞ்சுது' என்று அவர் பதாகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் நிசப்தம். அதன்பின் கூரையே பிய்த்துக்கொள்வது போல் இரண்டாவது சிரிப்பு. அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

படம் விட்டதும் முதலில் வெளியே வந்தவர் அந்தப் பதினாறு பேரில் முன்வரிசையில் ஆடிய ஓய்வுபெற்ற நடனக்காரி. பதாகையைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஏழு விநாடி உங்களோடதுன்னு படமே சொல்லுது. நீங்க மாஸ்டருக்குனு நிக்கறீங்க. என்ன அடக்கம்."

பியானோக்காரரின் மார்பு விரிந்தது. தையல் மட்டும் விரியவில்லை. தன்னுடையதா? இருக்கும். மேதைகளுக்குத் தங்கள் மேதைமை தெரியாது என்று எங்கோ படித்த ஞாபகம்.

பத்திரிகைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "சார், அந்த மௌனம் எப்படி வந்துச்சு?"

"ஆழ்மனசுலேருந்து வந்தது. அந்த நிமிஷம் நான் இந்த உலகத்துலயே இல்லை."

"அது நல்லாவே கேட்டுச்சு சார்" என்று பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் மனைவி மெதுவாக வந்தாள்.

"என்ன கேட்டுச்சாம்?" என்றார் அவர்.

"குறட்டைங்க. பழைய ஒத்திகை வீடியோ டேப் ஒண்ணு என் தையல் பெட்டியில கிடந்துச்சு. வாசிச்சுட்டே தூங்கிட்டீங்க. பியானோ நின்னா அப்படியே நிக்கணும்கிறது மாஸ்டர் சட்டம். பதினாறு பேரும் நின்னாங்க. அவர் அதைப் பார்த்துட்டு அழுது, 'இது இப்படியே இருக்கட்டும்'னுட்டார். ஏழாவது விநாடி நீங்க முழிச்சு வாசிக்க ஆரம்பிச்சீங்க."

பியானோக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்த... என் வரி..."

"போன மாசமே பார்த்தேன். உடையெல்லாம் சரியா காட்டியிருக்கானு பார்க்கப் படக்காரி கூப்பிட்டா. உங்க வரியை வெட்டிடவானு கேட்டா. பாவம், ஆசையா பேசியிருக்கார், இருக்கட்டும்னேன். அப்பதான் டேப் ஞாபகம் வந்துச்சு, எடுத்து அவகிட்ட குடுத்தேன்."

அவர் தைத்த கையை அவளிடம் நீட்டினார்.

"கத்தரி வீட்டுல இருக்கு, வாங்க" என்று கம்பத்து முடிச்சை அவிழ்த்து, பதாகையைச் சுருட்டி அவர் கக்கத்தில் செருகினாள். "அடுத்த வாரம் வேற ஊர்ல படம் போடறாங்களாம். உங்க வீட்டுக்காரர் மேடையில ஏழு விநாடி நேர்ல தூங்கிக் காட்டுவாரானு படக்காரி கேட்டா. சரின்னு சொல்லிட்டேன்."