செல்வக்குமார் மனைவிக்கு வாங்கித் தந்த கிட்டார்

பெண் விடுதலை சங்கரன்கோவிலுக்கு ஒரு கூரியர் வண்டியில் வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டவர் செல்வக்குமார். பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மாலையில் 'சமத்துவச் சுடர் மன்ற'த்தின் செயலாளர். பெண்ணுரிமை பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால், கூட்டத்திலிருக்கும் பெண்களெல்லாம் உலை வைக்க நேரமாகிவிட்டதென்று எழுந்து போன பிறகும் நிறுத்தமாட்டார். அப்படியொரு பற்று.

போன மகளிர் தினத்தன்று மன்றத் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி செல்வக்குமாரின் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் காதில் விழும்படியாகத்தான், "ஒனக்கு என்ன வேணுமோ கேளு, வாங்கித் தாரேன்" என்று செல்வக்குமார் தன் மனைவியிடம் சொன்னார். சேலை என்பாள் என்று எதிர்பார்த்தார்.

"எலக்ட்ரிக் கிட்டாரு" என்றாள் வேல்விழி.

பள்ளியில் படிக்கும்போது, பக்கத்துத் தெரு சர்ச்சில் ஒரு பெண் கிட்டார் வாசித்ததை வாசலில் நின்று கேட்டவள் அவள். அந்த ஓசை உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அண்ணாச்சி வேறு, "அடேயப்பா! புரட்சில்லா!" என்றுவிட்டார். செல்வக்குமாருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

பெட்டியைப் பிரித்ததும் கிட்டார் செக்கச்செவேலென்று பளபளத்தது. வேல்விழி கையை நீட்டினாள்.

"ஏட்டி, தொடாத! கை ஈரமா இருக்கு. எலக்ட்ரிக் சாமான்."

"இன்னும் கரண்டே குடுக்கலியே."

"அதுக்குத்தான் சொல்லுதேன். அடிப்படை தெரியாம எதையும் கையில எடுக்கப்பிடாது. மொதல்ல பாகத்தப் படி. பொறவு வாசி."

அன்று மாலைக்குள் செல்வக்குமார் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே கிட்டார் இயலில் கரை கண்டுவிட்டார். மறுநாள் முதல் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் சோபாவில், கிட்டாரை மடியில் கிடத்தியபடி. மாணவி அடுப்படியில்.

"உச்சியில முறுக்குத திருகுக்கு என்ன பேரு?"

"டியூனரு!"

"கழுத்துல குறுக்க பதிச்சிருக்க தகடு?"

"ஃப்ரெட்டு!"

"கம்பி அதிருதத வாங்கிக் கரண்டா மாத்துதது?"

"பிக்கப்பு!"

"அது சரக்கு ஏத்துத வண்டில்லா, ஏட்டி?" என்று ஆசிரியர் தந்திரமாக மடக்குவார்.

"அது வேற, இது வேற. சட்னிக்கு உப்புக் காணுமான்னு பாருங்க."

இவ்வாறாக, அடுப்பையும் அணைக்காமல் அறிவையும் வளர்க்கும் புதிய கல்விமுறை ஒன்று அந்த வீட்டில் உருவாயிற்று. வகுப்பு முடிந்ததும் கிட்டார் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். சாவி செல்வக்குமாரின் பைக் சாவியோடு கிடந்தது. கண்ணாடியை வெளிப்பக்கமாகத் துடைக்கும் உரிமை மட்டும் முழுக்க முழுக்க வேல்விழிக்கே வழங்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவளுக்கு ஒரு 'வாய்மொழித் தேர்வு' உண்டு. அவள் காப்பித் தட்டோடு வந்து நின்று, பிரிட்ஜ், நட், டோன் நாப் என்று கிட்டாரின் பாகங்களை ஒப்பித்துவிட்டு டம்ளரை நீட்டுவாள். "எப்படித் தயார் பண்ணியிருக்கேன் பாத்தியளா?" என்பார் செல்வக்குமார். வந்தவர்கள் காப்பியையும் சேர்த்துப் பாராட்டுவார்கள்.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"ஒரே ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுமா?"

"டோன் நாப்புல நீ இன்னும் வீக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் வெளிய கேட்டா நாலு பேரு என்ன நெனைப்பாவ?" என்றார்.

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் வெடி போட்டாலும் கேட்காது. ஆனால் குடும்பப் பெண்ணின் கிட்டார் கேட்டுவிடும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஒருநாள் அவர் அலுவலகத்துக்குப் போகும் பாதி வழியில் திரும்பி வந்தார். அடுப்படியில் வேல்விழி பூரிக்கட்டையை இடது கையில் ஏந்தியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. விரல்கள் கட்டையின் மேல் அழுந்தி, நகர்ந்து, மறுபடி அழுந்தின. வலது கை வயிற்றுக்கு நேரே இல்லாத கம்பிகளை மீட்டியது. இரண்டு கன்னங்களும் நனைந்திருந்தன.

செல்வக்குமார் நெகிழ்ந்துபோனார். மகளிர் தின உரைக்கு நல்ல ஓர் உதாரணம் கிடைத்துவிட்டதே!

அடுத்த மகளிர் தின விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடையநல்லூரிலிருந்து பேராசிரியை நஸ்ரின் பானு சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். 'மங்கையர் காவலர்' விருது ஏகமனதாகச் செல்வக்குமாருக்கு வழங்கப்பட்டது. ஏகமனது அவருடையதுதான், செயலாளர் அல்லவா? ஏற்புரையில் பூரிக்கட்டையைப் பற்றி அவர் சொன்னதும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கிட்டாரோடு அவளை மேடைக்கு அழைத்தார். கிட்டார் அவர் கையில் இருந்தது.

"தொடாமக் காட்டு" என்றார் மெதுவாக.

அவள் தொடாமல் காட்டினாள். உச்சி முதல் அடிவரை, திருகு முதல் ஒயர் செருகும் ஜாக் வரை ஒன்று விடாமல் சொன்னாள். கைதட்டல் ஓய்ந்ததும் நஸ்ரின் பானு மைக்கை வாங்கினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. இப்ப எங்களுக்காக ஒரு பாட்டு வாசிங்க."

செல்வக்குமார் பாய்ந்து இன்னொரு மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக..."

"எனக்கு வாசிக்கத் தெரியாது மேடம்" என்றாள் வேல்விழி.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே?"

வேல்விழி கணவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, விலாசம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அவிய எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாவ மேடம். கையிலதான் குடுக்கல."

வேல்விழி கிட்டாரின் கழுத்தைப் பிடித்து அவர் கையிலிருந்து வாங்கினாள். தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கைதட்டல் கூரையில் போய் மோதியது.

மங்கையர் காவலர் அந்தக் கைதட்டல் முழுவதையும், இரு கரம் கூப்பி, தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.