அந்த ஒரு ‘ஆம்’

நார்மன் குரோசியர் வாரப் பத்திரிகையை நண்பர் வெஸ்லியின் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, விரலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார். வெஸ்லி இலியட் கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தார்.

“படி,” என்றார் நார்மன்.

‘அயர்லாந்து ஒரே நாடாக வேண்டுமா?’ என்று பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்துக் கிராமங்களில் கேட்டிருந்தது. இவர்கள் ஊரான கில்லாரனில் இருபது பேரைக் கேட்டார்கள். பதினொரு கத்தோலிக்கரில் பத்துப் பேர் ‘ஆம்’, ஒருவர் ‘தெரியாது’. ஒன்பது புரோட்டஸ்டன்டுகளில் எட்டுப் பேர் ‘வேண்டாம்’. இதைச் சொல்ல பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ஆள் வந்திருக்கவே வேண்டாம். அடுத்த வரிதான் வம்பு: ‘அறுபத்தைந்து வயதைக் கடந்த புரோட்டஸ்டன்ட் ஆண் ஒருவர் ஆம் என்றார்.’

“நம்ம ஊர்ல அந்த வயசு ஆம்பளைங்கள்ல கணிப்பு எடுக்க வந்த பொண்ணு கேட்டது மூணே பேரை,” என்றார் நார்மன். “நீ, நான், செசில் நோபல்.”

“செசிலுக்குக் காது கேக்காதே.”

“கேக்கலைன்னா என்ன. எதைக் கேட்டாலும் அவன் ‘ராஜா வாழ்க’ன்னுதான் சொல்லுவான்.”

“அப்போ?”

“நான் ஆரஞ்சு சங்கத்துக்குச் செயலாளர்,” என்றார் நார்மன். பிரிட்டனைவிட்டுப் பிரியவே கூடாது என்னும் புரோட்டஸ்டன்டுகளின் சங்கம் அது. மீதியை வெஸ்லியே கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தேநீரைக் கையில் எடுத்தார்.

வெஸ்லி கூட்டிப் பார்த்தார். “நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சொன்ன சத்தத்துல நாய் எழுந்து உக்காந்துச்சு.”

“நான் நம்பறேன், வெஸ்லி. ஊரு நம்பணுமே. உன்கிட்ட ஐரிஷ் பாஸ்போர்ட் இருக்குறது ஊருக்கே தெரியும்.”

“அது ஸ்பெயின் விமான நிலையத்துல வரிசை சின்னதா இருக்குதுன்னு வாங்கினது. சங்கத்துல பாதிப் பேர்கிட்ட இருக்கு.”

“அவங்க அலமாரிக்குள்ள வச்சிருக்காங்க. நீ அதைச் சொல்லிக்கிட்டுத் திரியற.”

அடுப்படியில் நின்ற ஹேசல் திரும்பிப் பார்த்தாள். “எல்லைக்கு அந்தப் பக்கம் போய் டீசல் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்,” என்றாள் கணவர் வெஸ்லியிடம்.

வெஸ்லிக்கு ஒரே கவலைதான். சங்கத்தின் பட்டுப் பதாகைக்கு இரண்டு கம்புகள். வெள்ளைக் குதிரைமேல் வில்லியம் மன்னர் உட்கார்ந்திருக்கும் அந்தப் பதாகையின் இடது கம்பை முப்பத்தொரு வருடமாக அவர்தான் பிடித்துவருகிறார். கத்தோலிக்க அரசரை அந்த மன்னர் வென்றதைக் கொண்டாடும் ஜூலை பன்னிரண்டு ஊர்வலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அவர் தோள் அசைந்ததில்லை. கம்பு யாருக்கு என்பது அடுத்த வாரச் சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும்.

“கவலைப்படாதே,” என்றார் நார்மன். “பெரிய பிரிட்டிஷ் கொடியா ஒண்ணு வீட்டு முன்னாடி ஏத்து. பார்க்கிறவன் வாய் மூடிக்கும். கொடி நான் தர்றேன்.”

அன்று மாலையே கொடியும் கம்பமும் வந்தன. வெஸ்லி ஏணியில் ஏறினார். நார்மன் கீழே நின்று கொடியை மடிப்பு மடிப்பாக எடுத்துக் கொடுத்தார். படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்தாற்போல் அகலம். அது படபடத்து விரிந்தபோது வெஸ்லி ஏணியிலேயே நிமிர்ந்து நின்றார்.

மறுநாள் காலை அஞ்சலகத்தில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. தபால் தலையை நீட்டிய பெண்மணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு மலாக்கி மக்மானஸ் தன் ஏணியோடு வாசலில் நின்றிருந்தார். மலாக்கி கத்தோலிக்கர். நாற்பது வருடமாக இருவரும் மாடு, மழை, மூட்டுவலி மூன்றைத் தவிர வேறெதையும் பேசிக்கொண்டதில்லை.

“வெஸ்லி, தப்பா எடுத்துக்காதீங்க. கொடி தலைகீழா இருக்கு.”

“என்னது?”

“அகல வெள்ளைப் பட்டை கம்பத்துப் பக்கம் மேல இருக்கணும். உங்களுது கீழ இருக்கு. கப்பல் முழுகும்போதுதான் இப்படி ஏத்துவாங்களாம். ஒருவேளை நீங்க ஏதாச்சும் சொல்ல வர்றீங்களோன்னு எங்காளுங்க காலையிலேருந்து யோசிச்சிக்கிட்டு இருக்காங்க.”

“நான் ஒண்ணும் சொல்ல வரல.”

“அதான் ஏணி எடுத்துட்டு வந்தேன்.”

இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். கொடி ஈரத்தில் கனத்திருந்தது. ஒரு முனையை மலாக்கி இழுக்க, மறு முனையில் வெஸ்லி காலை ஊன்றிக்கொண்டு இழுக்க, சரியாக அந்த நேரம் பார்த்துப் பாதிரியாரின் மனைவி காரில் போனார். கார் கொஞ்சம் மெதுவானது. பிறகு மிக வேகமாகப் போனது.

அன்று மதியத்துக்குள், வெஸ்லியும் மலாக்கி மக்மானஸும் கைகோத்துப் பிரிட்டிஷ் கொடியைக் கிழித்து இறக்கினார்கள் என்று கில்லாரன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வரும் ஞாயிறு தேவாலயத்துத் தேநீருக்கு ஹேசல் கேக் கொண்டுவர வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வேறு யாரோ செய்கிறார்களாம். இருபது வருடத்தில் வேறு யாரும் செய்ததில்லை.

“இப்ப என்ன செய்யறது?” என்று வெஸ்லி நார்மனிடம் போய் நின்றார்.

நார்மன் ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். “பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுது. பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு. நாளைக்கு நான் டவுனுக்குப் போறேன், அவங்க ஆபீஸ்லயே கொடுத்துடறேன்.”

வெஸ்லி இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினார். முதல் தாளில் தன் அப்பா, தாத்தா, இரண்டு போர், ராஜா, மருத்துவமனையில் காசு கேட்காமல் தனக்கு மாற்றிக் கொடுத்த இடுப்பெலும்பு எல்லாம் வந்தன. ‘ஐக்கிய அயர்லாந்து எனக்கு வேண்டாம், வேண்டாம், வேண்டாம்’ என்று மூன்று முறை எழுதி அடிக்கோடிட்டார். இரண்டாம் தாளில், யார்மீதும் பகை இல்லை என்று காட்ட, நாகரிகத்துக்காக நாலு வரி சேர்த்தார்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. அந்த நாலு வரிதான் வந்திருந்தது.

‘எல்லைக்கு அந்தப் பக்கத்து மக்கள் அருமையானவர்கள். என் அண்டை வீட்டார் கத்தோலிக்கர், சகோதரனைப் போன்றவர். டீசலும் அங்கே மலிவு. நாம் எல்லோரும் கடைசியில் ஒரே மண்ணுக்குத்தான் போகிறோம். — வெ. இலியட், கில்லாரன்.’

“முதல் தாள் எங்கே?” என்றார் வெஸ்லி.

“உறையில இருந்ததை அப்படியே கொடுத்தேன்,” என்றார் நார்மன். “அவங்க தொலைச்சிருப்பாங்க. பத்திரிகைக்காரங்க.”

அன்று மாலை மலாக்கியின் மனைவி உலர்திராட்சை ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெஸ்லியின் கையை அழுத்திவிட்டுப் போனாள். கத்தோலிக்கர்களின் பந்தாட்டக் கழகம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்வரிசை இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி அனுப்பியது. எனிஸ்கிலன் நகரிலிருந்து, ஐக்கிய அயர்லாந்து கேட்கும் கட்சிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, “உங்க துணிச்சலுக்கு ஒரு வணக்கம்,” என்றார். வெஸ்லி கதவைச் சாத்தினார். சாத்தும் அவசரத்தில் அவர் கோட்டு நுனி மாட்டிக்கொண்டதால், திறந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சாத்த வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவர்கள், இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக ஊரில் சொன்னார்கள்.

ரொட்டி நன்றாக இருந்தது. அதுதான் வெஸ்லியைக் குடைந்தது. தான் சொல்லாத ஒரு வார்த்தைக்காகத் தெருவில் பாதிப் பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; எழுபது வருடமாகச் சொல்லிவந்த வார்த்தைக்காக ஒருவர்கூட இப்படிச் சிரித்ததில்லை.

“உண்மையைச் சொல்லுங்க,” என்றாள் ஹேசல். “வாய் தவறிச் சொல்லிட்டீங்களா?”

“நீயுமா?”

“கேக்கறேன். மழையில நனைஞ்சு வந்த பொண்ணு. உங்களுக்கு யாரையும் மனசு நோகடிக்கத் தெரியாது. பாவம்னு ஒரு ‘ஆம்’ போட்டுக் கொடுத்திருப்பீங்க.”

அந்த இடத்தில்தான் வெஸ்லிக்குப் பொறுமை போனது. நார்மனைக் கேட்காமல், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒரு முடிவெடுத்தார். கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டார்.

“மத்தவங்க பதிலைச் சொல்ல மாட்டோம் சார்,” என்றாள் அன்று வந்த அதே பெண், ஓர்லா. “ஆனா உங்க பதிலை நீங்க பார்க்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா மத்தவங்க முன்னாடி வாசிக்கவும் செய்யலாம்.”

“சனிக்கிழமை மத்தியானம் சங்க மன்றத்துக்கு வர முடியுமா?”

“சாப்பாடு உண்டா?”

“சாண்ட்விச் உண்டு.”

செய்தி கேட்டு நார்மன் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஓடிவந்தார். “எதுக்குய்யா இதெல்லாம்? விட்டுடு. ரெண்டு மாசத்துல ஊரு மறந்துடும்.”

“கம்பு?”

“கம்பை இந்த வருஷம் வேற யாராச்சும் பிடிக்கட்டும். உனக்கும் இடுப்பு சரியில்ல.”

“இடுப்பு புதுசு,” என்றார் வெஸ்லி.

சனிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. சாதாரணமாகப் பன்னிரண்டு பேர் வரும் கூட்டத்துக்கு அறுபது பேர். செசில் நோபல் முன்வரிசையில் சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓர்லா மேடையேறி, தாளை விரித்தாள். கால்மேல் கால் போட்டிருந்தவர்கள் கால்களை இறக்கினார்கள்.

“மூணாவது கேள்வி. நீங்க உங்களை எந்த நாட்டுக்காரர்னு நினைக்கிறீங்க? பிரிட்டிஷா, ஐரிஷா, வட அயர்லாந்துக்காரரா? பதில்: ‘ஃபெர்மனாக்காரன்.’”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“ஏழாவது கேள்வி. நாளைக்கே வாக்கெடுப்பு நடந்தா ஐக்கிய அயர்லாந்துக்கு வாக்களிப்பீங்களா?” ஓர்லா தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். “பதில்: ‘வேண்டாம்.’ பக்கத்துல நான் ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். ‘மிக உறுதியாக. நாய் எழுந்தது.’”

மன்றம் மூச்சை விட்டது. பிறகு கைதட்டியது. பாதிரியாரின் மனைவி எழுந்து வந்து ஹேசலின் தோளைத் தொட்டு, நாளைக்கு எலுமிச்சை கேக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். யாரோ மூலையில் சாய்த்து வைத்திருந்த இடது கம்பை எடுத்துவந்து வெஸ்லியின் கையில் கொடுத்தார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சிதான். ஆனால் மலாக்கியின் மனைவிக்கு ரொட்டித் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற யோசனையும் கூடவே ஓடியது.

“அப்ப அது யாரு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அறுபது தலைகள் மெதுவாகச் செசில் பக்கம் திரும்பின. செசில் முட்டை சாண்ட்விச்சைக் கடித்தபடி எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

நார்மன் முதல் ஆளாக எழுந்தார். “பாவம், வயசானவன். காது கேக்காம என்னமோ சொல்லித் தொலைச்சிருக்கான். பெருந்தன்மையா விட்டுடுவோம். இத்தோட இந்தப் பேச்சு முடிஞ்சுது.”

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நாற்காலிகள் இழுபட்டன, தேநீர் ஊற்றினார்கள். “என்ன முடிஞ்சுது?” என்று செசில் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் செசிலின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஓர்லா தாள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் வந்தாள். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வெஸ்லியிடம் தலையசைத்து விடைபெற்றாள். அவருக்குப் பக்கத்தில் நின்ற நார்மன் அருகே ஒரு நொடி நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“நேத்து மூணு தடவை போன் பண்ணிக் கேட்டீங்களே சார், பயப்படாதீங்க, உங்க படிவத்தை ஆபீஸ்லயே பூட்டி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.”