வலேரியஸ் என்கிற உங்கள் மகன்

மாண்ட்ரியல்
12 ஏப்ரல் 1971

மதிப்புக்குரிய அப்பா ஜம்புநாதன் அவர்களுக்கு, கடல் கடந்து வந்தும் புத்தி வராத மகன் ஆனந்தகிருஷ்ணன் காலில் விழுந்து எழுதுவது. இங்கே நான், வசுமதி, குழந்தை கமலினி மூவரும் சௌக்கியம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி நீங்கள் இங்கே வருவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவில் 'வலேரியஸ்' என்று ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. அது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? உங்கள் பெயரைத்தான் கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு வீடு தேடிப் போன் செய்தபோது, ஜம்புநாதன் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் வீடு போய்விட்டது என்று போனை வைத்துவிடுவார்கள். பதினோரு வீடு அப்படிப் போயிற்று. பன்னிரண்டாவது தடவை, டெலிபோன் கூண்டுக்குள் குளிரில் பல் கிட்டி நின்றவனுக்கு, சரித்திர வாத்தியாரான நீங்கள் என்னை பெஞ்சு மேல் ஏற்றி மனப்பாடம் செய்ய வைத்த பழைய ரோமானியக் குடும்பங்களின் பட்டியல் ஞாபகம் வந்தது. வாயில் முதலில் வந்தது வலேரியஸ். உடனே அஹுன்ட்சிக் என்கிற பேட்டையில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் இத்தாலியர். சாவியைக் கொடுக்கும்போது என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு ரோமுக்குத் தெற்கா?" என்று கேட்டார். "ரொம்பத் தெற்கு" என்றேன். அது பொய் இல்லையே என்று அன்றைக்குத் தூங்கினேன்.

அதோடு விட்டேனா? பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றி ஜம்புநாதன் என்று கையெழுத்துப் போட்டு எழுதிய நாலு கடிதங்களைப் பத்திரிகைக்காரர்கள் போடவில்லை. வலேரியஸ் எழுதிய ஐந்தாவதைக் கட்டம் கட்டிப் போட்டார்கள். ஜான்-டலோன் தெருக் காய்கறிச் சந்தையில் அந்தப் பெயருக்கு இரண்டு கத்தரிக்காய் கூட விழுகிறது. ஆபீஸில் மேஜை மேல் அதே பெயர். வசுமதி பல் டாக்டரிடம் மேடம் வலேரியஸ். போன வாரம் பள்ளிக்கூடத்தில் கமலினி, "எங்க தாத்தா ரோம்லேர்ந்து வராரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வசுமதி என்னைப் பார்த்து, "மாமாவுக்கு நீங்கதான் எழுதணும். நான் எழுதமாட்டேன்" என்றாள். இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

இரண்டு கத்தரிக்காய்க்காகவும் ஒரு வாடகை வீட்டுக்காகவும் பெற்றவர் பெயரை விட்டேன். வெட்கமாக இருக்கிறது, அப்பா. நீங்கள் வருவதற்குள் பலகையைக் கழற்றி, பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் ஜம்புநாதன் என்று மாற்றிவிடுவேன். இது சத்தியம்.

அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும். இப்போது கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

உங்கள் மகன்,
ஜ. ஆனந்தகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். எட்டாம் தேதி என்னை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். டோர்வல் விமான நிலையத்துக்கு என் சக எஞ்சினியர் ரொலாந்த் வருவார், ஆறடி உயரம், சிவப்புத் தாடி. அட்டையில் உங்கள் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். "அப்பாவுக்கும் வலேரியஸ்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து அவரிடம் போய் "நான்தான்" என்று சொல்லுங்கள். உங்கள் பெயரை நான் வைத்துக்கொள்ளவில்லை. என் பெயரை நீங்கள் வீடு வந்து சேரும் வரையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.