ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்

என் அறுபத்தொன்பது வருட வாழ்க்கையில் நான் பொறாமைப்பட்ட மனிதர்கள் மொத்தம் மூன்று பேர். முதலாமவன், எட்டாம் வகுப்பில் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவன். இரண்டாமவர், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, எனக்குப் பதினோரு மாதம் முன்னால் பதவி உயர்வு வாங்கியவர். இருவரையும் மன்னித்துவிட்டேன். (முதலாமவனுக்கு இப்போது தலையில் ஒரு முடிகூட இல்லை. மன்னிக்கச் சுலபமாக இருந்தது.) மூன்றாமவர்தான் சிக்கல். அவர் என் சம்பந்தி தணிகாசலம். என் மகள் அமுதாவின் மாமனார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிறார்.

நான் விழுப்புரம். புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை. வயலில் இறங்கி, ஒரு செடிக்கு எத்தனை காய், ஒரு கதிருக்கு எத்தனை மணி என்று எண்ணி எழுதுவதுதான் உத்தியோகம். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்; எண்ணுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. என் மனைவி மல்லிகா ஒரு நாளில் பெருமூச்சு விடுவது சராசரியாக இருபத்திரண்டு.

அமுதாவும் மாப்பிள்ளையும் ஜப்பானில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவாள். சம்பந்தியின் மனைவி காலமானபின் இந்தப் பேச்சின் கணக்கு மாறியது. எங்களோடு பதினோரு நிமிடம். அதற்குப்பின் நான் கூப்பிட்டுப் பார்த்தால், தொடர்ந்து நாற்பத்தேழு நிமிடம் அவள் எண் வேறு அழைப்பில் இருக்கும். (ஏன் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். சும்மாதான்.) விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவள் தன் மாமனாருக்கு ஷோகி சொல்லிக்கொடுக்கிறாள்.

"மாமா தனியா இருக்கார்ப்பா. பொழுது போவணும்ல? அதான் ஒரு போர்டு அனுப்பினேன். உங்களுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கேன்."

அந்த 'உங்களுக்கும்' என்னை மூன்று நாள் படுத்தியது. ஏழு வயதில் அவளை மடியில் உட்கார வைத்துச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு வந்து சேர்ந்த பலகை, திண்டிவனத்துக்குப் போனதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. ஒரே நாளில் அனுப்பியதாகச் சொன்னாள். நம்பினேன் என்று சொன்னேன்.

ஷோகி என்பது ஜப்பான்காரர்களின் சதுரங்கம். எண்பத்தொரு கட்டம், நாற்பது காய். எல்லாக் காய்களும் ஒரே நிறம். மூக்கு மாதிரி கூராக இருக்கும் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதை வைத்துத்தான் யாருடைய காய் என்று தெரியும். வெட்டிய காயை நாம் எடுத்து வைத்துக்கொண்டு, நம்முடைய காயாகவே திரும்பப் பலகையில் இறக்கலாம். நேற்றுவரை எதிரியிடம் இருந்தவன் இன்று நம் ஆள். அதனால் ராஜாவுக்கு எந்த மூலையிலிருந்து ஆபத்து வரும் என்று சொல்லவே முடியாது. ஆகவே விவரமானவர்கள் முதலில் ராஜாவை ஓரமாக நடத்திக்கொண்டு போய், சுற்றிலும் தங்கம், வெள்ளி என்ற காய்களை நிறுத்திக் கோட்டை கட்டிவிடுவார்கள். அதில் பலவகை உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதா பூரிப்போடு சொன்னாள்: "அப்பா, மாமா ஒன்பதே நாள்ல மினோ கோட்டை கட்டக் கத்துக்கிட்டார்!"

"நான் ஏழு நாள்ல கத்துக்கிட்டேன்" என்றேன். அப்போது நான் பெட்டியே பிரிக்கவில்லை.

அன்று பிற்பகலே பிரித்தேன். காய்களின்மேல் ஜப்பான் எழுத்து. ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது துண்டுக் காகிதத்தில் தமிழில் பேர் எழுதி ஒட்டினேன். அமுதா அனுப்பிய பாடங்களைப் பார்த்ததில் மினோ கோட்டை எட்டே நகர்வு. மண்டிக்காரருக்கு அது போதும். எனக்கு அதைவிடப் பெரியதாக வேண்டும். தேடியதில் அனகுமா என்று ஒன்று கிடைத்தது. கரடி வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதுபோல, ராஜாவைக் கடைசி மூலைக் கட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சொருகி, வாசலைத் தன் ஆட்களாலேயே அடைத்துவிடுவது. என் கணக்கில் பதினாறு நகர்வு. மினோவைப் போல இரண்டு மடங்கு!

நாற்பது நாள் பயிற்சி செய்தேன். சாப்பாட்டு மேசைமேல்தான் பலகை. எதிராளி கிடையாது. எதிராளி இருந்தால் கோட்டை கெட்டுப்போகிறது. மல்லிகா தோசையை நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டாள். விதிகளையும் அவளுக்கு உரக்கச் சொல்லிக்காட்டுவேன்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்பாள்.

"கேட்டு வை. ஒரே நெடுவரிசையில நம்ம சிப்பாய் ரெண்டு இருக்கக் கூடாது. ஒண்ணு இருக்கறப்போ இன்னொண்ணை இறக்கினா, அங்கேயே தோல்வி. விளையாட்டே தெரியாத முட்டாள்தான் அதைச் செய்வான்."

"சரிங்க, சட்னி போதுமா?"

இந்த நிலையில் அமுதா விடுமுறையில் வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும். இருபத்தொரு நாள். திண்டிவனத்தில் பத்து, விழுப்புரத்தில் பத்து. மீதி ஒரு நாள்? யாருக்குமே அது உறைக்கவில்லை. எனக்கு மட்டும், அவள் விமான டிக்கெட் எடுத்த நாளிலிருந்து, அந்த ஒரு நாள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் மாலையே அழைத்து வந்தால் எனக்குப் பதினொன்று, அவருக்குப் பத்து. ஒரு நாள் தங்கிவிட்டால் அவருக்குப் பதினொன்று. பெற்றவனுக்குப் பத்து, மாமனாருக்குப் பதினொன்று என்றால் அது எந்த ஊர் நியாயம்?

பத்தாம் நாள் காலை நானும் மல்லிகாவும் திண்டிவனம் போனோம். பலகையைத் துணிப் பையில் எடுத்துக்கொண்டேன். வாசலிலேயே மல்லிகா கையைப் பிடித்தாள். "பொண்ணு குடுத்த இடங்க. வாயை வெச்சிக்கினு சும்மா இருங்க."

சம்பந்தி பனியனோடு ஓடிவந்தார். "வாங்க வாங்க சம்பந்தி! அமுதா, அப்பா வந்துட்டாரு பாரு!" அவள் வந்தாள். கையில் அவித்த மல்லாட்டை. முதல் கைப்பிடியை அவருக்குக் கொடுத்தாள், இரண்டாவதை எனக்கு. எண்ணிப் பார்த்தேன்: எனக்குப் பதினான்கு காய். அவருடையதை எண்ண முடியவில்லை; அவர் வேகமாகத் தின்கிறவர்.

ஒரு நாள் மிச்சம் இருப்பதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? சாயங்காலமே இட்டுக்கினு போங்க சம்பந்தி. உங்க பொண்ணு."

பார்த்தீர்களா, வந்த காரியம் முடிந்துவிட்டது. எந்தப் புத்தியுள்ள மனிதனும் அங்கேயே நன்றி சொல்லிக் காபி குடித்திருப்பான். ஆனால் அவர் அதைக் கொடுத்த விதம்! தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்துக் கொடுப்பதுபோல, அத்தனை அலட்சியமாக. அமுதா அவரைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா வேணாம். ஷோகி ஆடிப் பாத்துடலாம். ஜெயிச்சவங்க வீட்டுல அந்த நாள்."

"அப்பா, வேணாம்ப்பா" என்றாள் அமுதா.

"பேஜாரு பண்ணாதீங்க" என்றாள் மல்லிகா.

சம்பந்தி மட்டும், "ஆடலாம், ஆடலாம்! வெறும் போன்லயே ஆடிக்கினு இருக்கேன், நேர்ல ஒரு ஆளு கெடைக்க மாட்டானான்னு பாத்தேன்" என்று பலகைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

ஆரம்பித்தோம். நான் பதினாறு நகர்வையும் மனப்பாடமாக வைத்தேன். அவர் என்ன வைக்கிறார் என்று பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை தவறிவிடும். என் ராஜா மூலையை நோக்கிப் போகப் போக, சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

"ராஜா எங்க போறாரு சம்பந்தி? கொல்லப்பக்கமா?"

அமுதா சிரித்தாள். "மாமா, அது அனகுமா. ரொம்பக் கெட்டியான கோட்டை."

"அப்பிடியா? உள்ள போயிட்டா அப்புறம் மூச்சு விடுறதுக்கு வழி இருக்குதா?"

மறுபடியும் சிரிப்பு. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். அவர் பக்கம். அவரிடமிருந்து ஒரு முழம், என்னிடமிருந்து மூன்று. அந்த நிமிடத்திலிருந்து என் மனம் ஆட்டத்தைவிட்டு வேறொரு கணக்குக்குப் போய்விட்டது. அவள் எத்தனை தடவை 'மாமா' என்கிறாள், எத்தனை தடவை 'அப்பா' என்கிறாள்? "நல்ல மூவ் மாமா." ஏழு. "யோசிச்சு வைங்க மாமா." எட்டு. "அப்பா, உங்க ஆட்டம்." ஒன்று.

அரை மணி நேரத்தில் நிலவரம்: மாமா பதினான்கு, அப்பா மூன்று. அந்த மூன்றில் இரண்டு 'உங்க ஆட்டம்'.

சம்பந்தி தன் யானையை நடு வரிசைக்குக் கொண்டுவந்து, என் தங்கத்தை நேராகக் குறிபார்த்து வைத்தார்.

"சூப்பர் மாமா!"

பதினைந்து. எனக்குக் கண் இருட்டியது. கையிலிருந்த, அவரிடமிருந்து வெட்டிய சிப்பாயை எடுத்து, யானைக்குக் குறுக்கே 'டப்'பென்று இறக்கினேன். பிரமாதமான தடுப்பு. அந்தச் சத்தமே தனிக் கம்பீரமாக இருந்தது.

அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வேறொரு மூலையில் ஒரு காயை நகர்த்தினார்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "என்ன சம்பந்தி, பேச்சையே காணோம்? கோட்டை எப்படி?"

"நல்லாக்கீது சம்பந்தி. நீங்க ஆடுங்க."

அப்போதுதான் என் பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. நாற்பது நாள் நின்றுகொண்டே தோசை தின்றவளின் குரல்.

"ஏங்க, அதே வரிசையில மேல உங்க சிப்பாய் ஒண்ணு நிக்குதே? ரெண்டு இருந்தா அவுட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பார்த்தேன். மேலே, எதிரியின் எல்லைக்குள், நானே அனுப்பி நானே மறந்துபோன சிப்பாய் ஒன்று, பஸ்ஸைத் தவறவிட்டவன்போல நின்றுகொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் கதிரை எண்ணியவனுக்கு இரண்டு வரை எண்ணத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் தோல்வி. அடுத்து நான் செய்ததைத்தான் இத்தனை நாளாக வெளியே சொல்லவில்லை. எல்லோரும் மல்லிகாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சுண்டுவிரலால் அந்த மேல் சிப்பாயை மெதுவாகச் சுழற்றினேன். மூக்கு என் பக்கம் திரும்பிவிட்டால் அது சம்பந்தியின் காய். அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்?

"அப்பா."

நான்காவது.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த முதல் நாள், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று நான் கறாராகச் சொல்ல, ஏழு வயதில் அழுதுகொண்டே தன் ராணியைப் பறிகொடுத்தவள் அவள்.

சம்பந்தி அவசரமாக, "அட, கை பட்டிருக்கும்மா! ஃபேன் காத்து வேற" என்றார். (மரக் காய். ஃபேன் காற்றில் சுழலுமாம்.) அந்த மனிதர் எனக்காகப் பொய்யும் சொன்னார். அதையும் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

நான் எழுந்தேன். "நாளைக்கு கேஸ் சிலிண்டர் வருது" என்று யாரும் கேட்காத காரணத்தைச் சொன்னேன். மல்லிகா நகரவில்லை. "நான் நாளைக்கு அமுதாவோட வர்றேன். நீங்க போய் வாங்கி வையுங்க." பலகையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் அந்த ஒற்றை நாள். மனைவி, மகள், பலகை மூன்றும் திண்டிவனத்தில். நான் விழுப்புரத்தில். பழைய சோறும் ஊறுகாயும் தின்றேன். பதினேழு படியை ஏறி இறங்கினேன். சுவரில் பல்லி இரண்டு. பத்தரை மணிக்கு மேல் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'சம்பந்தி, நேற்று ஒரு சின்னத் தவறு' என்று ஆரம்பித்தால் அது சின்னதா என்று அமுதா கேட்பாள். 'பெரிய தவறு' என்றால் அவர், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார். அந்தப் பெருந்தன்மையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள உடம்பில் தெம்பில்லை. பாதி வழியில், கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. இறங்கிவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதல் டீ குடித்தேன். திண்டிவனம் போகும் பஸ் நான்கைப் போகவிட்டேன். விழுப்புரம் போகும் பஸ் மூன்றைப் போகவிட்டேன். இரண்டாவது டீயில் பாதி குடித்திருப்பேன், எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சம்பந்தி ஓட்டி வந்திருந்தார். உள்ளே அமுதா, மல்லிகா, மடியில் என் பலகை. நான் கோபித்துக்கொண்டு போனது பொறுக்காமல், அந்த ஒரு நாளை விழுப்புரத்திலேயே கழிக்கலாம் என்று எல்லோரும் கிளம்பிவந்திருக்கிறார்கள்.

"சம்பந்தி! இங்க இன்னா பண்றீங்க?"

வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, உச்சி வெயிலில், கையும் டம்ளருமாக உட்கார்ந்திருந்த நான் சொன்னேன்: "டீ குடிக்க வந்தேன்."

"விழுப்புரத்துல டீயே கெடைக்கலையாப்பா?" என்றாள் அமுதா.

"கேஸ் சிலிண்டர் வரலை போல" என்றாள் மல்லிகா.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். எனக்கும் வந்துவிட்டது. அமுதா வந்து அதே பெஞ்சில் என் பக்கம் உட்கார்ந்து, என் டம்ளரிலிருந்த மீதி டீயைக் குடித்தாள். நேற்றைய விஷயத்தை நான் எடுத்தபோது, "தெரியும்ப்பா" என்று மட்டும் சொன்னாள். (எத்தனை 'அப்பா' என்று அன்றைக்கு எண்ணவில்லை. சத்தியமாக.)

அதன்பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் எதில் கையும்களவுமாக மாட்டினாலும் சொல்வது ஒன்றுதான். அடுப்பங்கரையில் இனிப்பு டப்பாவோடு மல்லிகா பிடித்தால் நான் சொல்ல வேண்டும், ஆபீஸ் நேரத்தில் போனில் மாட்டும் மாப்பிள்ளை சொல்ல வேண்டும்: "டீ குடிக்க வந்தேன்." விசேஷ வீடுகளில் சம்பந்தியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்கிறார்கள். என் சுண்டுவிரலை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ராஜா கொல்லைக்குப் போனதையும், நான் டம்ளரோடு விழித்ததையும் அவர் நடித்துக் காட்டும்போது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறது. என் அவமானம், கைதட்டல் அவருக்கு.

இந்த ஒன்றையாவது அவரைவிட நான் நன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதி, சுண்டுவிரலையும் சேர்த்து, முதலில் அமுதாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"நல்லா இருக்குப்பா. ஆனா மாமா சொல்றப்போ இன்னும் நல்லா இருக்கும்."