தறிக்குழியில் இரண்டு சர்வர்

"சார், இன்னும் ஏறிக்கினேதான் போவுது சார்!"

ஸ்டூல் மேல் ஏறி கரண்ட் மீட்டரைப் பார்த்த பிரவீனா இப்படிக் குரல் கொடுத்ததும் சுதர்சன் கையிலிருந்த ஏ.ஸி. ரிமோட்டை, ஏதோ அதுதான் பொய் சொல்லிவிட்ட மாதிரி முறைத்தான்.

"எப்படிம்மா ஏறும்? பதினெட்டுல இருந்ததை இருபத்தாறுல வச்சிருக்கேன். கொறையணுமே!"

"இருபத்தாறுலதான் சார் இருக்குது. ஆனா மெஷின் ரெண்டும் ஊன்னு கத்துதுன்னு மூணு ஃபேன் வச்சீங்க. சூடு வெளிய போவட்டும்னு கதவைத் தொறந்து வச்சீங்க. இப்போ ஏ.ஸி. தெருவுக்கே காத்து வீசிக்கினு இருக்குது."

சுதர்சன் எட்டிப் பார்த்தான். வாஸ்தவம்தான். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு சுகமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பா, புண்ணியமாப் போவும்" என்றார்.

சுதர்சன் கதவைப் படாரென்று சாத்தினான்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால், முன்பு தறி ஓடிய வீடு அது. இப்போது வாசலில் 'டேட்டா சென்டர்' என்று போர்டு. பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உள்ளே இருந்தது இரண்டு சர்வர், ஒரு ஏ.ஸி., பொறுப்பாளர் சுதர்சன், ஆபரேட்டர் பிரவீனா, அவ்வளவுதான். சென்னைக் கம்பெனி ஒன்று தன்னுடைய பட்டுச்சேலை டிசைன்களையெல்லாம் இந்த இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தது. ஆரணியிலும் சேலத்திலும் இருக்கும் கடைக்காரர்கள் இன்டர்நெட் வழியாக மயிலோ மாங்காயோ வேண்டியதை இறக்கிக்கொள்வார்கள். அந்த 2009-ம் வருஷத்தில் இதற்கு 'கிளவுட்' என்று புதுசாக ஒரு பெயர் வேறு வந்திருந்தது.

போன மாதம் வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் தலைமை ஆபீசிலிருந்து வேணுகோபால் போன் செய்தார். கம்பெனியின் மின்சாரச் சிக்கனத்துக்கென்றே புதிதாகப் போடப்பட்ட அதிகாரி. புது உத்தியோகம், புது உற்சாகம்.

"சுதர்சன், கணக்குப் பாத்தேன். உங்க மெஷின் சாப்பிடற கரண்டை விட, அதைக் குளிர வைக்கற கரண்டு ஜாஸ்தி. நாம பசுமைக் கம்பெனியா மாறிக்கிட்டிருக்கோம், தெரியுமில்ல? கார்த்திகைக்குள்ள மீட்டர் பாதியா இறங்கணும். இல்லேன்னா சென்டரை மூடிட்டு மெஷினை நாக்பூருக்கு அனுப்பிடுவோம்."

"அப்ப நான் சார்?"

"நீங்களும்தான். அதுக்கு ஆள் வேணாமா?"

சுதர்சனுக்கு நாக்பூர் மேல் தனிப்பட்ட விரோதம் ஏதும் கிடையாது. ஆனால் அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியது இந்த எட்டு மாதம்தான். ஸஹானா பிசிக்ஸ் டீச்சர். தூத்துக்குடியில் வேலை பார்த்தாள். பார்க்காத ஆளைப் பார்த்து, ஏறாத படியெல்லாம் ஏறி, போன பங்குனியில்தான் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்தது. சின்ன காஞ்சிபுரத்தில் வீடு பிடித்துப் பால் காய்ச்சிய அன்றே, "இனிமே பிரிஞ்சு இருக்கறதுங்கற பேச்சே கிடையாது" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான் மனுஷன். அவளிடம் போய் நாக்பூர் என்று எப்படி வாயைத் திறப்பான்? திறக்கவில்லை. மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினான்.

இருபத்தாறு உதவவில்லை என்றதும் அடுத்த யோசனை வந்தது. ஏ.ஸி.யையே அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தான்.

"இயற்கையா காத்து வரும்போது ஏ.ஸி. எதுக்குங்கறேன்?" என்றான் பிரவீனாவிடம், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

இயற்கை வந்தது. காற்றாக அல்ல, குரங்காக. கோயில் பக்கத்துத் தெருவில் ஜன்னலைத் திறந்து போட்டால் வேறென்ன வரும்? இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கடுவன் கீபோர்டு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மௌஸைக் கடித்துப் பார்த்து, ருசியில்லை என்று வீசி எறிந்தது. சுதர்சன் "சூ... சூ..." என்றான். அது பல்லைக் காட்டியதும் இவன் பிரவீனாவின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பிரவீனா போட்ட கூச்சலில் அவளுடைய அம்மா எல்லம்மாள் ஓடி வந்தாள். சென்டரின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு. எல்லம்மாள் பிளவுஸ் தைப்பவள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் கை அளவுதான். கழுத்தில் இன்ச் டேப்பும் கையில் தகரத் தட்டுமாக வந்து நாலு தட்டு தட்டினாள். குரங்கு மரியாதையாக இறங்கிப் போய்விட்டது.

"இன்னாபா தம்பி இது, ரெண்டு பொட்டிய வச்சிக்கினு இம்மாம் பாடா? நான் மூணு புள்ளைங்கள வளத்தேன், இவ்ளோ விசிறி விடலபா" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

அதோடு போயிற்றா? மறுநாள் ஆரணிக் கடைக்காரர் போனில் வந்தார். "ஏங்க, நீங்க அனுப்பின டிசைன்ல மயிலெல்லாம் தலைகீழா தொங்குதே, இது புது ஃபேஷனுங்களா?" குரங்கு எந்தப் பட்டனை அழுத்தியதோ, அதற்கே வெளிச்சம். சுதர்சன் ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்தான். வலை அடித்ததும் காற்று நின்றது. காற்று நின்றதால் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். அது தெருப் புழுதியை எல்லாம் உள்ளே இழுக்கிறது என்று, மறுபடி ஜன்னலைச் சாத்தி ஏ.ஸி.யையும் போட்டான். ஆக, இப்போது எல்லாமே ஓடின. மீட்டர் முன்னைக்கும் வேகமாகச் சுற்றியது.

அன்று சாப்பிடும்போது ஸஹானா கேட்டாள்.

"ஏன்னா, தூக்கத்துல 'மீட்டர் மீட்டர்'னு உளறிண்டே இருக்கேளே, என்ன சமாசாரம்?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நாக்பூர் என்ற இடத்தில் மட்டும் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டான்.

ஸஹானா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீச்சராகிவிட்டாள்.

"அழுதா ஆச்சா? தரைக்குள்ள அவ்வளவு சீக்கிரம் சூடு இறங்காது. உங்க ஆபீஸ் பின்கட்டுல பழைய தறிக்குழி ஒண்ணு இருக்குன்னேளே. நெய்யறவா சித்திரை வெயில்லயும் அந்தக் குழிக்குள்ள காலை விட்டுண்டுதானே நெய்யறா? குளுகுளுன்னு இருக்கும். மெஷினை அதுல இறக்குங்கோ."

"நீ எங்கேயோ இருக்க வேண்டியவ!" என்று சுதர்சன் சாப்பிட்ட கையோடு குதித்தான்.

"எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருந்தா போதும்" என்றாள் அவள்.

காலையில் முதல் வேலையாகக் குழியைச் சுத்தம் செய்து, செங்கல் அடுக்கி, இரண்டு சர்வரையும் உள்ளே இறக்கினான். ஏ.ஸி.யை அணைத்தான். குழி குளுகுளு என்றுதான் இருந்தது, அரை நாள். பிறகு மெஷின் விட்ட சூடெல்லாம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. அதை இழுக்க ஒரு ஃபேன். மண் ஈரத்தை உலர்த்த இரண்டு குண்டு பல்பு. பல்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது. பூச்சியைத் தள்ள இன்னொரு ஃபேன்.

"சார்..." என்றாள் பிரவீனா ஸ்டூல் மேலிருந்து.

"சொல்லாதே. தெரியும்."

கடைசியில் வெறுத்துப் போய் ஃபேன், பல்பு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டான். குழி மேல் பலகைகளை வரிசையாகப் போட்டு மூடினான். "வெளிச் சூடு உள்ள போகப்படாது. நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைத் திறக்கக் கூடாது. அந்தப் பெருமாள் வரதன் விட்ட வழி" என்று பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்பெனிக் கூட்டத்துக்காகச் சென்னைக்கு பஸ் ஏறினான்.

அவன் சென்னையில் இருந்த இரண்டு நாளும் ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டிலேயே முழங்கால் தண்ணீர். சுதர்சன் குழியை நினைத்து ஆட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். பிரவீனா தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டிசைன்? டிசைனெல்லாம் இருக்கா? போச்சா?"

"இருக்குது சார். இப்பதான் சேலத்துக்கு மாங்கா பார்டர் அனுப்பினேன். பாருங்க."

பார்த்தான். மாங்காய்கள் ஒழுங்காகத் தலை நிமிர்ந்து போயிருந்தன. அப்படியே ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி மீட்டரைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவ்வளவு நிதானம்.

"பிரவீனா! இறங்கிடுத்தும்மா! இறங்கிடுத்து!"

முப்பத்தைந்து வயது மனுஷன் ஸ்டூல் மேல் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதான். பிரவீனா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதே! வேலை நடக்கறதா?"

"நடக்குது சார். ஆனா..."

"மீட்டர் இறங்கியிருக்கா?"

"இறங்கித்தான் இருக்குது."

"அப்ப ஆனாவும் கிடையாது ஆவன்னாவும் கிடையாது. பலகையில மட்டும் யாரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு ஸஹானாவுக்குப் போன் போட்டான். "நாம எங்கயும் போகப் போறதில்லை! குடிவந்த நாள்லேருந்து நீ கேட்டுண்டிருந்த அந்த மேஜையை நாளைக்கே வாங்கிடு, மேஜையை!" என்று அவன் போனில் கத்துவதைப் பார்த்த பிரவீனா வாயை மூடிக்கொண்டு மாங்காய் பார்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, வேணுகோபால் காரில் வந்து இறங்கினார். மீட்டரைப் பார்த்தார். பழைய கணக்கைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"சுதர்சன், பாதியாக்கச் சொன்னேன். நீங்க அதைக் காணாமலே அடிச்சிட்டீங்களே!"

"எல்லாம் குழிதான் சார்" என்றான் சுதர்சன், பெருமை தாங்காமல்.

வேணுகோபால் பேன்ட் மடிப்புக் கலைவதைக்கூடப் பார்க்காமல் மண்டி போட்டுப் பலகையில் காதை வைத்தார். "மெஷின் ஓடற சத்தமே கேக்கலையே!"

"அதான் சார் மண்ணோட குணம். சூட்டையும் விழுங்கிடும், சத்தத்தையும் விழுங்கிடும். திறந்து காட்டட்டுமா?"

"சேச்சே, வேணாம். குளிர்ச்சி வீணாப் போயிடும்."

ஸஹானா ஒரு டப்பா நிறைய கேசரி செய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வேணுகோபால் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே மேலிடத்துக்குப் போன் பேசினார். பேசி முடித்து, சுதர்சனின் தோளில் கையைப் போட்டார்.

"இந்தச் சென்டர் இனிமே இங்கதான். யாரும் தொட மாட்டாங்க. பிரவீனாவே பாத்துப்பாங்க. உங்களுக்குப் பிரமோஷன்! நாக்பூர்ல நம்ம மெஷின் நாப்பது இருக்கு. அத்தனைக்கும் குழி வெட்டணும். இந்த வித்தை தெரிஞ்ச ஒரே ஆள் இந்தியாவுலயே நீங்கதான். திங்கக்கிழமை கிளம்பறீங்க. ஒரு மூணு வருஷம் அங்க இருந்தா போதும்."

சுதர்சன் தன் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"சார், இது ஒரு பெரிய வித்தையே இல்ல சார். மண்வெட்டி இருந்தா யார் வேணா வெட்டலாம்."

"பாருங்க, என்ன அடக்கம்!"

"குழின்னா பூச்சி வரும் சார், ஈரம் கட்டும் சார், ஏகப்பட்ட கஷ்டம் சார்!"

"அதுக்குத்தான் உங்களை மாதிரி அனுபவஸ்தர் வேணுங்கறேன்!"

இந்தப் பாவி மனுஷன் மீட்டரைக் குறைத்ததே ஊரில் இருப்பதற்காக. இப்போது மீட்டர் ஊரிலேயே இருக்கிறது, இவனுக்கு ரயில் டிக்கெட். ஸஹானாவைத் திரும்பிப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் கேசரி டப்பாவை மூட முயன்றுகொண்டிருந்தாள், மூடி பொருந்தவில்லை.

"நாக்பூர்ல குளிர் ஜாஸ்தியாமே. ஸ்வெட்டர் வாங்கணும்" என்றாள். அதைக் கேட்டதும் சுதர்சனுக்கு ஓவென்று கதற வேண்டும் போலிருந்தது.

பிரவீனா எழுந்து நின்றாள். "சார்... அந்தக் குழி சார்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பின்கதவு தடாலென்று திறந்தது. கழுத்தில் இன்ச் டேப்பும், முகமெல்லாம் வேர்வையுமாக எல்லம்மாள் வந்து நின்றாள். ஆபீசர் இருக்கிறார், கார் நிற்கிறது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. நேராகச் சுதர்சனிடம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்பா தம்பி, குழியில தண்ணி பூந்த அன்னிக்கி எம்பொண்ணு செவுரேறி தூக்கியாந்து வச்ச உன் ரெண்டு பொட்டியும், மூணு வாரமா எங்க வூட்டு ஜன்னலாண்ட எங்க கரண்டுல எங்க டேபிள் ஃபேன் காத்த வாங்கிக்கினு ஜோரா ஓடிக்கினு கீது, நா மட்டும் வேர்த்து ஊத்திக்கினே பிளவுஸ் தைக்கணுமாபா?"